சுவர்ல முதுகு இடிக்கிற வரைக்கும்

எங்க அக்கா பையனுக்குக் காதுகுத்து, கும்பகோணம் பக்கத்துல குலதெய்வம் கோயில்ல. நான்தான் தாய்மாமன், அதனால புள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்கார வேண்டியவனும் நான்தான், குடும்பத்துல கேமரா வச்சிருக்கிற ஒரே ஆளும் நான்தான். இந்த ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல ஆகாதுன்னு ஆசாரி வந்து உக்கார்ந்து டப்பாவைத் திறக்கிற வரைக்கும் எனக்கு உறைக்கல. கடைசி நிமிஷத்துல சித்தப்பா பையன் கையில கேமராவைத் திணிச்சு, "ஒண்ணும் யோசிக்காதடா, இந்த பட்டனை அழுத்திக்கிட்டே இரு"ன்னு சொல்லிட்டேன். அவனும் சொன்னதைச் செஞ்சான். நாப்பது படம் இருக்கும். வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பார்த்தா நாப்பதுலயும் ஆசாரியோட துண்டு அவ்ளோ ஷார்ப், இழை இழையா எண்ணலாம். புள்ள முகம் மட்டும் பால்ல ஊறின பிரெட் மாதிரி இருக்கு. ஊசி இறங்குற நொடி, அவன் வாயைப் பொளந்து மூச்சை இழுக்கிறது, என் சட்டையை இறுக்கிப் புடிக்கிறது, எல்லாமே விழுந்திருக்கு, ஒண்ணு கூட தெளிவா இல்ல.

அக்கா இன்னைக்கும் சொல்லிக்காட்டுவா. ஆனா தப்பு அந்தப் பையன் மேல இல்ல, லென்ஸை எஃப் 1.8லயே, அதாவது வாயை முழுசா திறந்து வச்சபடியே, விட்டுட்டுக் கையில குடுத்தவன் நான். எஃப் நம்பர் சின்னதாக ஆக வெளிச்சம் நிறைய வரும், தெளிவா விழுற ஆழம் கம்மியாகும்.

என்கிட்ட இருக்கிறது பழைய கேனன் 1200டி, 2014ல வந்த மாடல், 18 மெகாபிக்சல். பெட்டியிலேயே 18-55 எம்எம் (கிட் லென்ஸ்னு சொல்றது இதைத்தான்), 55-250 எம்எம்னு ரெண்டு ஜூம் லென்ஸ் வந்துச்சு. எம்எம் ஏற ஏற காட்சி கிட்ட வரும், அகலம் குறையும். ரெண்டு வருஷம் அதுல சுட்டுக்கிட்டு இருந்தேன், படம் எல்லாம் ஏதோ சப்புன்னு இருக்கும், யார்கிட்ட கேட்டாலும் "முதல்ல ஒரு 50 எம்எம் எஃப் 1.8 வாங்குப்பா"ன்னாங்க. கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அந்த மாதிரிதான் போட்டோ எடுக்கிறவங்க மத்தியில இந்த 50. சரின்னு போனஸ் வந்ததும் வாங்கிட்டேன். வெறும் 160 கிராம், கைக்குள்ள அடங்குது, முதல் நாள் எங்க வீட்டு துளசி மாடத்தை எடுத்துட்டு அந்தப் பின்னணி கரைஞ்சு போனதைப் பார்த்து நானே மயங்கிட்டேன். ஒரு ஆறு மாசம் எஃப் 1.8ஐ விட்டு இறங்கவே இல்ல. காசு குடுத்து வாங்கினது 1.8 ஆச்சே, அப்புறம் எதுக்கு 4ல எடுக்கணும்ங்கிற புத்தி.

அந்த 1.8 நல்லதே செய்யலன்னு சொல்ல வரல. கிட் லென்ஸ் 55ல வச்சா எஃப் 5.6தான் வாய் திறக்கும், அதுக்கும் 1.8க்கும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட பத்து மடங்கு வித்தியாசம். கல்யாண மண்டபத்துல ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரோட வெளிச்ச உணர்வை, 6400க்கு ஏத்தி ரவையைக் கொட்டின மாதிரி வர்ற படம், இதுல 640லயே சுத்தமா வரும். அது பெரிய விஷயம். ஆனா அதுக்குக் கூலி வேற இடத்துல குடுக்கணும். என் கேமராவுல 50ஐ எஃப் 1.8ல வச்சு ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிற ஆளை எடுத்தா, தெளிவா விழுற ஆழம் முன்னயும் பின்னயும் சேர்த்தே சுமாரா ஆறு சென்டிமீட்டர். நாலு விரலை ஒட்டி வச்சா வர்ற அகலத்தை விடக் கொஞ்சம் கம்மி. ஆசாரி குனிஞ்சு உக்கார்ந்திருக்கார், அவர் தோளுக்கும் புள்ள முகத்துக்கும் நடுவுல ஒரு அடி. நடு ஃபோகஸ் பாயிண்ட் எதுல விழுந்துச்சோ அது மட்டும்தான் பொழைக்கும், மத்தது எல்லாம் காலி. அதே இடத்துல எஃப் 5.6 வச்சிருந்தா ஆழம் பத்தொன்பது சென்டிமீட்டர் ஆகியிருக்கும், வெட்ட வெளி, காலை பத்து மணி வெயில், வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்ல. 1.8க்கு அங்க வேலையே இல்ல.

இதுல இன்னொரு வம்பு இருக்கு, எனக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுச்சு. டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர்ல கண்ணை வச்சுப் பார்க்கும்போது 1.8ஓட மெல்லிசு தெரியாது. உள்ள இருக்கிற ஸ்க்ரீன் நிஜத்தை விடக் கூடுதலா தெளிவு காட்டும், அதனால கண்ணுக்கு எல்லாம் ஓகேன்னு தோணும். எடுத்தப்புறம் பின்னாடி மூணு இன்ச் திரையில பார்த்தா அதுலயும் எல்லாம் ஷார்ப்பாத்தான் இருக்கும், ஏன்னா அவ்ளோ சின்னதாக்கினா எதுதான் ஷார்ப்பா தெரியாது. முதல் படம் எடுத்ததும் பூதக்கண்ணாடி பட்டனை அழுத்திப் பெருசு பண்ணி கண்ணு இமை தெரியுதான்னு பார்க்கணும், இல்லன்னா வீட்டுக்கு வந்து அழணும். அப்புறம் 1200டியில ஒன்பது ஃபோகஸ் பாயிண்ட், அதுல நடுவுல இருக்கிறது மட்டும்தான் கிராஸ் டைப், அதாவது குறுக்கையும் நெடுக்கையும் ரெண்டையும் பார்த்து ஃபோகஸ் புடிக்கிறது. ஓரத்துப் பாயிண்ட்டை மங்கின வெளிச்சத்துல நம்பினா லென்ஸ் முன்னயும் பின்னயும் போய்த் தேடிக்கிட்டே இருக்கும். அதனால எல்லாரும் என்ன பண்ணுவோம்னா, நடு பாயிண்ட்டைக் கண்ணுல வச்சு அரை பட்டன் அழுத்திப் புடிச்சுக்கிட்டு அப்படியே கேமராவை நகர்த்தி ஃப்ரேமை சரி பண்ணுவோம். எஃப் 5.6ல இது செல்லும். 1.8ல கிட்டக்க நின்னு நகர்த்தினா, நகர்த்துற அந்த சாய்வுலயே ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதுக்குப் போயிடும். நான் மாசக்கணக்கா லென்ஸ் பழுதுன்னு நினைச்சு, தினத்தந்தி பேப்பரை சாய்வா வச்சு எல்லாம் டெஸ்ட் பண்ணேன். லென்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு, மூச்சு விடும்போது முன்னயும் பின்னயும் ஆடினது நான்.

சரி, காதுகுத்து கதையோட 50 மேல இருந்த மயக்கம் பாதி போச்சு. மீதிப் பாதி போனது எங்க வீட்டுக் கூடத்துல. வேளச்சேரியில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், கூடம் பத்துக்கு பதிமூணு இருக்கும். குழந்தை பொறந்தநாள், கேக்கு, சுத்தி பதினஞ்சு பேர், நான் 50ஐ மாட்டிக்கிட்டுப் பின்னாடி போறேன் போறேன், சுவர்ல முதுகு இடிக்குது, அப்பவும் ஃப்ரேம்ல நாலு பேர்தான். சுவரை இடிச்சுக்கிட்டுப் பக்கத்து ஃப்ளாட்டுக்குள்ள போனாத்தான் எல்லாரும் வருவாங்க.

இதுக்குக் காரணம் ரொம்ப சாதாரணம். 50 எம்எம்ங்கிறது மனுஷன் பார்வை மாதிரி இருக்கும்னு சொல்றது எல்லாம் 36க்கு 24 மில்லிமீட்டர் ஃபிலிம் கணக்கு. என் கேமராவுக்குள்ள இருக்கிற சென்சார் 22.3க்கு 14.9தான், அதனால 1.6ஆல பெருக்கணும், 50 போட்டா 80 மாதிரி பார்க்கும். பிரெஞ்சு போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒரு லைக்கா கேமராவும் 50 எம்எம்மும் வச்சுத்தான் எடுத்தாருன்னு எல்லாரும் சொல்வாங்க, உண்மைதான், 1950 ஏப்ரல்ல அவர் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரோட கடைசி நாட்களை எடுத்திருக்கார், ஏப்ரல் 14 ராத்திரி ரமணர் போனப்ப ஊர்லயே இருந்தார், வானத்துல ஒரு ஒளி ஓடினதைப் பார்த்தேன்னு சொன்னவர்ல அவரும் ஒருத்தர். அந்தப் படங்களைப் பார்த்துட்டுத்தான் நானும் 50, 50ன்னு அலைஞ்சேன். ஆனா அவர் 50 வேற, என் 50 வேற. அவர் பார்த்த அகலம் என் கேமராவுல வேணும்னா 31, 32 எம்எம் மாட்டணும். இதை என்கிட்ட ஒரு ஆள் முதல்லயே சொல்லியிருந்தா எட்டாயிரம் சொச்சம் மிச்சம். சரி, மிச்சமாகியிருக்காது, வேற ஏதாவது வாங்கியிருப்பேன்.

55-250 கதை இன்னும் மோசம். ஏன்னா அதுல என் கூச்சமும் சேர்ந்துச்சு. தெருவுல ஆளுங்களை எடுக்க ஆசை, ஆனா கிட்டக்க போகப் பயம். யாராவது "ஏன் எடுக்கிற"ன்னு கேட்டா பதில் கிடையாது. அதுக்கு இந்த லென்ஸ் தோதா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை விடிகாலையில காசிமேடு போவேன், ஏலம் விடுற இடத்துல இருந்து நல்லா தள்ளி ஐஸ் பெட்டிங்க ஓரமா நின்னுக்கிட்டு 250ல இழுத்து இழுத்து எடுப்பேன். 250ங்கிறது என் கேமராவுல 400 மாதிரி, அப்ப கை ஆடாம இருக்க ஷட்டர் வேகம் 1/400 செகண்டாவது வேணும், விடிகாலை வெளிச்சத்துல எஃப் 5.6ல அது எங்க கிடைக்கும்? ஸ்டெபிலைசர் இருக்கேன்னு 1/60ல எடுப்பேன். அது என் கை ஆட்டத்தைத்தான் நிறுத்தும், மீன் கூடையை வீசுற ஆளோட கையை நிறுத்துமா? படம் பூரா கொழகொழன்னு இருக்கும். சரி, அதை விடுங்க, ஷார்ப்பா வந்த படத்துலயும் உசுரு இல்ல. எல்லாரும் வேற எங்கயோ பார்க்கிறாங்க, முன்னாடி யாரோட முதுகோ மறைக்குது, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்த மாதிரி இருக்கு. எட்டிப் பார்த்ததுதானே.

ஒரு நாள் அப்படி நிக்கிறப்ப அந்தப் பக்கத்துல இருந்து ஒரு மீன்கார அக்கா கத்துச்சு.

"இன்னா தம்பி, மூணு வாரமா பார்க்கிறேன், திருட்டுப் பூனை மாதிரி அங்கயே நின்னுக்கினு புடிக்கிற. எடுக்கணும்னா கிட்ட வந்து எடு. நான் இன்னா கடிச்சுடுவேனா?"

சுத்தி இருந்தவங்க சிரிக்க, எனக்கு அப்படியே ஐஸ் பெட்டிக்குள்ள இறங்கிப் படுத்துக்கலாம்னு இருந்துச்சு. கிட்டக்க போனேன். போனா இந்த லென்ஸ் ஃபோகஸே புடிக்க மாட்டேங்குது, 1.1 மீட்டருக்குள்ள வந்தா கை விரிச்சுடும், அதுக்கு மேல நின்னாலும் 55ல மூஞ்சியும் கழுத்தும்தான் வருது. "இன்னா, வரலையா?"ன்னு அந்த அக்கா கேக்குது. "லென்ஸ் மாத்தணும்க்கா"ன்னேன். "மாத்து, நான் எங்க போவப் போறேன்"ன்னு சொல்லிட்டு சங்கராவை எடை போட ஆரம்பிச்சுடுச்சு.

அன்னைக்கு சாயங்காலம்தான் நான் உருப்படியா ஒரு வேலை பார்த்தேன். ரெண்டு வருஷத்துல கிட் லென்ஸ்ல எடுத்த படத்தை எல்லாம் லைட்ரூம் சாஃப்ட்வேர்ல போட்டு எந்த ஃபோக்கல் லெங்த்ல, அதாவது எந்த எம்எம்ல, எடுத்தேன்னு பிரிச்சுப் பார்த்தேன். படத்தோடயே சேர்ந்து வர்ற எக்ஸிஃப் குறிப்புல எல்லாம் பதிஞ்சு இருக்கும், ஃபில்டர்ல ஒரு க்ளிக்தான். பார்த்தா முக்கால்வாசி 18ல இருக்கு, இல்லன்னா 55ல இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல. அப்படின்னா எனக்கு 18ம் 55ம் புடிக்கும்னு அர்த்தமா? இல்ல, வளையத்தை இந்தப் பக்கம் முட்டுற வரைக்கும் திருப்பியிருக்கேன், அந்தப் பக்கம் முட்டுற வரைக்கும் திருப்பியிருக்கேன், அவ்ளோதான். நின்ன இடத்துல நின்னுக்கிட்டு, காலுக்குப் பதிலா கையால நடந்திருக்கேன்.

இதை நினைச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் பாட்டி மூக்கு ஞாபகம் வந்துச்சு. ஊர்ல திண்ணையில உக்கார வச்சு, 18ல, முகத்துக்கு ஒரு அடி தூரத்துல போய் எடுத்த படம். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தா பாட்டி கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "ஏண்டா, என் மூக்கை இப்படி பஜ்ஜியா போட்டு வச்சிருக்க?"ன்னு கேட்டாங்க. நான் அப்ப "வைட் லென்ஸ் அப்படித்தான் பாட்டி"ன்னேன். அது தப்பு. லென்ஸ் ஒண்ணும் பண்ணல, நான் நின்ன தூரம் பண்ணுச்சு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் நாலு இன்ச்னு வைங்க. ஒரு அடி தள்ளி நின்னா அந்த நாலு இன்ச் மொத்த தூரத்துல மூணுல ஒரு பங்கு, அதனால மூக்கு பூதாகாரமா முன்னாடி வரும், காது ஓடி ஒளியும். ஆறு அடி தள்ளிப் போனா அதே நாலு இன்ச் பதினெட்டுல ஒரு பங்குதான், முகம் முகமா இருக்கும். நம்பலன்னா ஆறு அடியில நின்னு 18ல ஒண்ணு, 55ல ஒண்ணு எடுத்து, 18ல எடுத்ததை வெட்டிப் பெருசு பண்ணிப் பாருங்க, ரெண்டு மூக்கும் ஒண்ணாத்தான் இருக்கும். நான் பண்ணிப் பார்த்தேன், பாட்டி ஊர்ல இருக்கிறதால வீட்டம்மாவை உக்கார வச்சு. அவங்க மூக்கைப் பத்தி நான் இங்க எதுவும் எழுதப் போறதில்ல.

அதனால லென்ஸ் வாங்குறப்ப எந்த எம்எம்முன்னு கேக்குறதுக்கு முன்னாடி, நான் எடுக்க நினைக்கிற ஆள்கிட்ட இருந்து எவ்ளோ தூரத்துல நிக்கப் போறேன்னு கேட்டுக்கணும், வீட்டுக் கூடத்துல, கோயில் பிரகாரத்துல, சந்தையில. அந்த தூரம் தெரிஞ்சா எம்எம் தானா வந்துடும். இதைக் கண்டுபுடிக்கக் காசு செலவு பண்ணத் தேவையில்ல. எலெக்ட்ரிக் கடையில கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒண்ணு வாங்கி, கிட் லென்ஸ் வளையத்தை 35ல வச்சு சுத்தி ஒட்டிட்டேன். ஒரு மாசம் அதுலதான் எடுக்கணும். அடுத்த மாசம் 24. முதல் வாரம் கை தன்னால வளையத்துக்குப் போகும், டேப் தட்டுப்படும், அப்புறம் கால் நகரும். 35ல வெளிய நல்லா இருந்துச்சு, வீட்டுக்குள்ள இடிச்சுச்சு. 24ல எடுத்த அந்த மாசத்துலதான் ஒரு விஷயம் நடந்துச்சு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகாமலே ஃப்ரேம்ல என்ன வரும்னு தெரிய ஆரம்பிச்சுச்சு. கதவு நிலை வரும், ஃபேன் வராது, இடது கைப்பக்கம் அத்தை பாதி வருவாங்க. எனக்கு ஜூம்ல ஒரு நாளும் இது வந்ததில்ல. ஒரே சனியன், வியூஃபைண்டர் காட்டுறது 95 சதவீதம்தான், ஓரத்துல நீங்க பார்க்காத அத்தையும் கொஞ்சம் வந்துடுவாங்க.

டேப் ஒட்டினதுல சுத்திப் பசை ஏறினதுதான் மிச்சம், யூகலிப்டஸ் தைலம் வச்சுத் துடைச்சேன்.

அப்புறம் கேனன் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல தேடினேன். ரெண்டு விரல் தடிமன் கூட இல்ல, பிஸ்கட் மாதிரி இருக்கும், 125 கிராம். முதல்ல ஒருத்தர்கிட்ட வாங்கினது பங்கஸ் புடிச்ச லென்ஸ். அவர் ஸ்கூட்டர்ல உக்கார்ந்துக்கிட்டே குடுத்தார், நானும் வெயில்ல கண்ணாடியை இப்படி அப்படித் திருப்பிப் பார்த்துட்டுக் காசைக் குடுத்துட்டு வந்துட்டேன். ராத்திரி பின்பக்கம் போன் டார்ச்சை அடிச்சுப் பார்த்தா உள்ள சிலந்தி வலை மாதிரி நூல் நூலா கெடக்கு. போன் பண்ணா எடுக்கல. அதுலேர்ந்து டார்ச் அடிக்காம எதையும் வாங்குறதில்ல, அதுவும் கேமராவை எடுத்துக்கிட்டுத்தான் போவேன், ஏன்னா இந்த எஸ்டிஎம் லென்ஸ்ல ஃபோகஸ் வளையமே கரண்ட்ல ஓடுறது, கேமராவுல மாட்டி ஆன் பண்ணாத்தான் வேலை செய்யுதான்னு தெரியும். அப்புறம் இந்த வகை லென்ஸ் எங்க மாதிரி சின்ன சென்சார் கேமராவுக்குத்தான், நாளைக்கு ஃபுல் ஃப்ரேம், அதாவது அந்த ஃபிலிம் அளவு சென்சார் இருக்கிற டிஎஸ்எல்ஆர் வாங்குற யோசனை இருந்தா அதுல மாட்டவே மாட்டாது. எனக்கு அந்த யோசனை எல்லாம் இல்ல, வீட்டு லோன் முடியட்டும்.

சென்னைக் காத்துக்கு லென்ஸைப் பையில போட்டு பீரோவுக்குள்ள வச்சா பங்கஸ் நிச்சயம். நல்ல டிரை கேபினெட் விலைக்கு இன்னொரு லென்ஸ் வாங்கலாம், அதனால காத்துப் புகாத பெரிய டப்பா ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு குட்டி ஈரப்பத மீட்டர். 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும். ஜெல் கலர் மாறினா வறுத்துட்டுத் திரும்பப் போடலாம். டப்பா எங்க வீட்டம்மாவோட வத்தல் டப்பா, அது தனி வழக்கு, இன்னும் தீர்ப்பு வரல. அரிசியில போட்டு வைக்கச் சொன்னாங்க ஒருத்தர், தயவுசெஞ்சு வேண்டாம், அத்தனை தவிடும் லென்ஸுக்குள்ள போகும்.

24ஐ வச்சு முதல்ல போனது மயிலாப்பூர் அறுபத்து மூவர். முன்ன வருஷங்கள்ல 55-250ஐத் தூக்கிட்டு மாட வீதியில யாராவது திண்ணை குடுப்பாங்களான்னு அலைவேன். இந்த வாட்டி கூட்டத்துக்குள்ளயே இறங்கிட்டேன். அந்த நெரிசல்ல ஃபோகஸ் தேடுறதுக்கு எல்லாம் நேரம் கிடையாது. அதுக்கு ஒரு பழைய வித்தை இருக்கு, எஃப் 8 வச்சுக்கிட்டு ரெண்டரை மீட்டர் தள்ளி இருக்கிற ஒரு போஸ்ட் மேல ஃபோகஸ் பண்ணிட்டு லென்ஸை மேனுவலுக்குத் தள்ளிடணும். 24 எம்எம்ல அப்ப ஒன்றரை மீட்டர்லேர்ந்து ஏழு மீட்டர் வரைக்கும் எது வந்தாலும் தெளிவுதான். ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 400. அதுக்கப்புறம் கேமராவை மறந்துடலாம். பல்லக்கு திரும்புறப்ப தண்டைத் தோள் மாத்துற ஆளோட பல்லு கடிச்ச முகம், நீர்மோர் தம்ளரைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுக் கூட்டத்தைப் பொளந்து வர்ற பொண்ணு, அப்பா தோள்மேல உக்கார்ந்து நாயன்மாரைப் பார்க்காம பலூன்காரனையே பார்க்கிற புள்ள. என் வாழ்நாள்ல ஒரே நாள்ல அவ்ளோ படம் தேறினதில்ல. நிறைய வீணும் ஆச்சு, சாமிக்குப் பின்னாடி சூரியன் இருந்த படம் எல்லாம் கறுப்பாப் போச்சு, எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழுற வெளிச்சத்தை, ஒண்ணரை ஸ்டாப் ஏத்த மறந்துட்டேன்.

50ஐ வித்துடலாம்னு நினைச்சேன், விக்கல. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப பாட்டியை ஜன்னல் பக்கம் உக்கார வச்சு, ஆறேழு அடி தள்ளி, எஃப் 4ல எடுத்தேன். மூக்கு சரியா இருந்துச்சு. பாட்டி, "இதுல வயசு தெரியுதேடா"ன்னாங்க. அதுக்கு லென்ஸ் கிடையாது.

காசிமேட்டுக்குத் திரும்பப் போறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது, நான் போனப்ப அந்த அக்காவைக் காணோம். ஜூன் கடைசியில போனேன், அதே இடத்துல உக்கார்ந்திருந்துச்சு. "மாத்திட்டியா?"ன்னுதான் முதல் கேள்வி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, ஞாபகம் வச்சிருக்கு. முன்னாடியே குந்திக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் பேசிக்கிட்டே எடுத்தேன், டீசல் விலை, மருமக, முட்டி வலி. கடைசியில ஒரு பெரிய வஞ்சிரத்தை ரெண்டு கையிலயும் தூக்கிக் காட்டி, என்னை நேரா பார்த்துச்சு, சிரிக்கல. அந்தப் படம் வந்துச்சு, எஃப் 4, முகமும் மீன் தலையும் ரெண்டும் தெளிவு, பின்னாடி படகு எல்லாம் லேசா கரைஞ்சு. ராத்திரி முழுக்க அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஆறுக்கு எட்டு பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டுப் போய்க் குடுத்தேன். கையைப் புடவையில துடைச்சுக்கிட்டு வாங்கிப் பார்த்துச்சு. பக்கத்துல இருந்தவங்களுக்குக் காட்டுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை.

"மூஞ்சி எல்லாம் நல்லாத்தான் கீது. மீனுக்கு வாலு எங்க தம்பி?"

பார்த்தேன். வாலைக் காணோம், வலது ஓரத்துல வெட்டுப்பட்டிருக்கு. ரெண்டு வாரமா பார்த்த படம், எனக்குத் தெரியவே இல்ல.

"ஏழு கிலோ மீனு, வாலு இல்லாம எட்த்தா எவன் நம்புவான்? ரொம்ப கிட்ட வந்துட்ட நீ. ஞாயித்துக்கிழமை வா, இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு எடு."